கழுத்துக் கட்டியும் கருப்பட்டிப் பானகமும்

முத்துப்பேச்சியைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அவள் அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்விதான். மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம் உண்டா, சொந்த வீடு உண்டா என்றெல்லாம் கேட்கவில்லை. "சுகர் எதுவும் கெடையாதுல்லா?" என்று மட்டும் கேட்டாள். முத்துப்பேச்சியின் அப்பாவுக்கு முதலில் கால்விரலை எடுத்தார்கள், பிறகு காலை எடுத்தார்கள், பிறகு ஆளே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வீட்டில் வேறு என்ன கேட்பார்கள்?

"எங்க வம்சத்துலயே அந்தச் சீக்கு கெடையாது அத்தை" என்று பளிச்சென்று பதில் சொன்னவள் மாப்பிள்ளையின் அக்கா விஜயராணி. மாப்பிள்ளை ராக்கையா தலையைக் குனிந்து மிக்சரைக் கொறித்துக்கொண்டிருந்தான். லட்டைத் தொடவே இல்லை. ரொம்பக் கூச்ச சுபாவம் போல என்று பெண் வீட்டார் பூரித்துப் போனார்கள்.

கல்யாணம் முடிந்து சாத்தான்குளத்துப் பக்கமிருந்து திருப்பூர் வந்தார்கள். மங்கலம் ரோட்டில் லைன் வீடு. அவன் ஏற்கெனவே வேலை பார்த்த சாயப்பட்டறையில் பாய்லர் பக்கம் நின்றான். அவள் பனியன் கம்பெனியில் செக்கிங். துணியில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அப்படிப்பட்ட கண்ணுக்கு வீட்டில் ஒன்றும் தெரியாமல் போனது, பாருங்கள், அதுதான் கொடுமை. குறை தேடிப் பார்க்கிற பார்வையைப் புருஷன் மேல் வைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

மகள் அபிராமி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம், இரண்டாயிரத்து ஏழு என்று நினைவு, ராக்கையாவுக்குக் கட்டி வர ஆரம்பித்தது. அக்குளில் ஒன்று, முதுகில் ஒன்று. பழுத்து, உடைந்து, ஆறுவதற்குள் அடுத்தது. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: பாய்லர் சூடு. சாயப்பட்டறை ஆட்களுக்குத் தோலில் எது வந்தாலும் ஒன்று சூடு, இல்லாவிட்டால் சாயத் தண்ணி. அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை.

யோசித்தவர் மெடிக்கல் ஷாப் திருமூர்த்தி ஒருவர்தான். மறுபடியும் களிம்பு வாங்கப் போனவளிடம், "ஏனுங்க, இப்புடித் திரும்பத் திரும்பக் கட்டி வந்தா உள்ளார வேற ஏதாச்சும் இருக்கப்போகுதுங்க. ஒருக்கா சுகர் பாத்துருங்க" என்றார்.

அவளுக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் அவளுக்குத் தெரிந்த சுகர் காலில் வருவது. அப்பாவுக்குக் கட்டி வந்து அவள் பார்த்ததே இல்லை. இருந்தாலும் வீட்டுக்கு ஓடிவந்து புருஷனிடம் சொன்னாள்.

"அதெல்லாம் பாத்தாச்சு பேச்சி. போன மாசமே ரத்தம் குடுத்தேன். ஒண்ணுமே இல்லன்னுட்டாங்க."

"நெசமாவா?"

பக்கத்தில் நின்ற அபிராமியை இழுத்து அவள் தலையில் கையை வைத்தான். "இவ மேல சத்தியம். போதுமா?"

போதும். அதற்கு மேல் ஒரு பொம்பளை என்ன கேட்பாள்? அப்படியானால் சூடுதான் என்று முடிவு கட்டிக்கொண்டு வைத்தியத்தில் இறங்கினாள். அம்மாவுக்குப் போன் போட்டு ஊர்க் கருப்பட்டி வரவழைத்தாள். தட்டிப் போட்டு, சுக்கும் ஏலமும் சேர்த்து, தினமும் ஒரு செம்பு பானகம். ஷிப்டு முடிந்து வந்ததும் முதலில் அதை நீட்டுவாள். அவன் அண்ணாந்து மடமடவென்று குடித்துவிட்டு, "குளுகுளுன்னு இருக்கு" என்பான். அவளுக்கு மனசு நிறைந்துவிடும். நெருப்பில் வேகிற மனுஷனுக்குத் தன்னால் ஆன குளிர்ச்சி என்று நினைத்துக்கொள்வாள்.

கட்டி குறையவில்லை. பானகத்தை இரண்டு வேளை ஆக்கினாள். அதையும் குடித்தான்.

கடைசியில் பிடரியில் ஒன்று கிளம்பியது. உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, தேன்கூடு மாதிரி பல கண் திறந்து சீழ் வடிந்தது. காய்ச்சலில் பிதற்றியவனை ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். பார்த்ததுமே டாக்டர், "ராஜபிளவை. சுகர் எவ்வளவு இருக்கு?" என்றார்.

"அதெல்லாம் இல்லைங்க டாக்டர்."

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மயங்கி விழாமல் இருந்ததே அதிசயம் என்று சொல்லிவிட்டு, என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டார்கள். அவள் பானகத்தைச் சொன்னாள். நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள்.

அறுத்துக் கட்டுப் போட்டு, இன்சுலின் ஏற்றினார்கள். உயிருக்குப் பயமில்லை என்று சொல்ல இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் முத்துப்பேச்சி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. என் கையாலேயே ஊற்றிக் கொடுத்தேனே என்று சுவரில் முட்டி அழுதாள். ஊரிலிருந்து வந்த விஜயராணி வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "என் தம்பிக்கு வெசத்தைக் கரைச்சுல்லா குடுத்திருக்கா!" என்று கத்தினாள். ராக்கையாவுக்கு அப்போது நல்ல நினைவு வந்திருந்தது. எல்லாம் காதில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தான்.

மூன்றாம் நாள், அவனோடு பாய்லரில் நிற்கும் நஞ்சப்பன் ஒரு தூக்குவாளியோடு வந்தார். நல்ல மனுஷன். சூது வாது தெரியாது.

"அழுவாதீங்க அம்மிணி, தம்பி பொழைச்சுக்கிட்டாப்ல. இந்தாங்க, டீ. சக்கரை போடாதது."

"டாக்டர் சொன்னாங்களா அண்ணா?"

"டாக்டர் எதுக்குங்க சொல்லோணும்? தம்பிக்கு எப்பவும் சக்கரை இல்லாத டீதானுங்களே. உங்க கல்யாணத்துக்கு முந்தியே அப்புடித்தான். கம்பெனிக்கே தெரியுமுங்க. மாத்திரைகூட பாய்லர் ரூம் அலமாரில வெச்சிருப்பாப்ல. நடுவுல ஏனோ மாத்திரைய நிறுத்திப்போட்டாப்ல, நாந்தான் புடிச்சுத் திட்டுனேன்."

முத்துப்பேச்சியின் அழுகை பட்டென்று நின்றது. நாத்தனாரைப் பார்த்தாள். விஜயராணி எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள். கம்பெனிக்கு டீ ஊற்றுகிறவனுக்குத் தெரியும், சாயப்பட்டறைக்குத் தெரியும், அக்காளுக்குத் தெரியும். கட்டியைக் கழுவித் துடைத்தவளுக்கு மட்டும் தெரியாது.

ராக்கையா கண்ணைத் திறந்தான். "பொண்ணு தர மாட்டாங்கன்னுதான் மொதல்ல மறைச்சோம், பேச்சி. பொறவு சொன்னா நீ பயந்துருவேன்னு..."

"பயந்திருப்பேன். உங்களைக் காப்பாத்தியும் இருப்பேன்." அவள் குரல் உயரவே இல்லை. "பிள்ளை தலையில கை வச்சீங்க. சரி. நான் பழி சுமந்து அழுதப்பவும் கண்ணை மூடிட்டுக் கெடந்தீங்களே. தெனமும் நான் நீட்டுன செம்பை வாங்குறப்ப ஒரு தடவைகூட உங்க கை நடுங்கலியா?"



அவள் அவனை விட்டுப் போகவில்லை. போயிருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கேழ்வரகுக் களி கிண்டிப் போடுகிறாள், வேளைக்கு மாத்திரை கொடுத்து விழுங்குகிற வரை நின்று பார்க்கிறாள். 'உடம்பு எப்படி இருக்கு?' என்று மட்டும் அவனைக் கேட்பதில்லை. மாதாமாதம் லேபுக்குக் கூட்டிப் போகிறாள். ரிசல்ட்டை அவன் முந்திக்கொண்டு வாங்கிப் பார்த்து, "இந்தத் தடவை நல்லா கொறைஞ்சிருக்கு பேச்சி" என்று ஆசையாகத் திரும்புவான். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும்.

அவள் அவன் முகத்தைப் பார்க்க மாட்டாள். கவுண்டரில் இருக்கும் பெண்ணிடம் கேட்பாள்: "நீங்க சொல்லுங்கம்மா, எவ்வளவு இருக்கு?"