வெண்டல் குவித்த பனி

எங்கள் ஊர் அலுவலகத்தின் பின்பக்கத்தில் கார் சார்ஜ் செய்யும் கம்பம் ஒன்று நிற்கிறது. திறப்பு விழாவுக்குத் தலைநகரிலிருந்து ஆட்கள் வந்து, ரிப்பன் வெட்டி, படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அது இலையுதிர் காலம். அமெரிக்காவின் வடக்கே இருக்கும் எங்கள் வெர்மாண்டில் பனி என்று ஒன்று பெய்யும் என்பது அவர்களில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை போலும்.

அந்தக் கம்பத்தை நம்பி மின்சாரக் கார் வாங்கியவள் லோர்னா. வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப்போடும் நர்ஸ், அறுபது வயது. மளிகைக்கடை மாடியில் வாடகைக்கு இருக்கிறாள். அங்கே சார்ஜ் போட வீட்டின் சொந்தக்காரர் விடவில்லை. அடுத்த கம்பம் இருபத்தாறு மைல் தள்ளி.

ஊரில் வண்டி வைத்துப் பனி தள்ளுகிறவன் வெண்டல். முப்பது வருடமாக அலுவலகத்துப் பனியைப் பின்பக்கத்து மூலையில்தான் குவிக்கிறான். கம்பம் வந்த பிறகும் அங்கேதான். லோர்னா நான்கு தடவை சொல்லிப் பார்த்தாள். "ஒழுங்கா ஒரு பெட்ரோல் பிக்கப் வண்டி வாங்கு" என்பதுதான் அவன் பதில். டிசம்பரிலிருந்து அவள் மண்வாரியோடு ஆளுயரக் குவியலைத் தோண்டினாள். நான் அந்த அலுவலகத்தின் எழுத்தர். காபி குடித்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என்னை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜனவரி கடைசியில் மூன்று நாள் விடாமல் கொட்டியது. குவியல் பாறையாக இறுகிவிட்டது. லோர்னாவின் கார் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. மலைமேல் ஒரு சர்க்கரை நோயாளிக்குக் காலில் புண். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும். என் பிக்கப் வண்டி சும்மாதான் நின்றது. அவள் கேட்கவில்லை, எடுத்துப்போ என்று நானும் சொல்லவில்லை. மாற்று நர்ஸ் வர ஒரு வாரம் ஆனது. அதற்குள் புண் அழுகி, இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். அந்த நோயாளி ஆர்டித், வெண்டலின் அம்மா. நர்ஸ் சோம்பேறி என்று அவன் ஊரெல்லாம் திட்டித் தீர்த்தான்.

மார்ச் முதல் செவ்வாய் ஊர்க்கூட்டம். அலுவலகத்தை ஒட்டிய பள்ளி அரங்கில் மடியில் பீன்ஸ் தட்டோடு உட்கார்ந்து, ரோட்டுக்கு அடியில் போடும் ஒரு மதகுக் குழாய்க்காக ஒன்றரை மணி நேரம் சண்டை போட்டோம். லோர்னா எழுந்து கம்பத்தைப் பற்றிப் பேசியதும், அறிவிப்பில் முன்கூட்டியே அச்சாகாத விஷயத்துக்கு ஓட்டெடுக்க முடியாது என்றார் தலைவர். அந்த அறிவிப்பை அச்சடித்ததும் நான்தான்.

"ஓட்டு வேணாம். வெண்டல்கிட்ட ஒண்ணு சொல்லிட்டு உக்காந்துடறேன்" என்று அவன் பக்கம் திரும்பினாள் லோர்னா. "உங்கம்மாவப் பாக்க நான் ஏன் வரலேன்னு ஊர் பூரா கேட்டியே. என் காருக்கு சார்ஜ் போடற கம்பம் நீ தள்ளுன பனிக்கு அடியில கெடந்துச்சு. நாலு தடவ சொன்னேன்."

வெண்டல் தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனான். பனி வண்டி உறுமியது. நான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மொத்தக் குவியலையும் எதிர்ப்பக்கப் புல்வெளிக்குத் தள்ள அவனுக்குப் பதினோரு நிமிடம் ஆனது.