159197

கணக்கில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம்தான். இருபது வருடம் அதைப் படிப்பித்தவளுக்கு அந்தளவாவது இருக்கட்டுமே.

யுத்தம் முடிந்த காலத்தில் பாலாவியிலிருந்து குறிஞ்சிப்பிட்டிப் பாடசாலைக்கு நானும் என் சிநேகிதியும் ஒரே பஸ்ஸில் போவோம். அவளும் கணித ஆசிரியை. டிக்கட்டில் அச்சடித்திருக்கும் எண் எவற்றால் வகுபடும் என்று யார் முதலில் சொல்வது என்பதுதான் எங்கள் போட்டி. உப்பளம் தாண்டுமுன் அவள் சொல்லிவிடுவாள். நான் அடியிலிருந்து ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டு வருவேன்; மெதுவென்றாலும் பிழைவிடமாட்டேன். பின்னால் இருப்பவர்கள் எங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அந்தப் பயணத்தைப்போல ஒரு சந்தோஷம் எனக்குப் பிறகு வாய்க்கவேயில்லை.

அவள் யுத்தத்தின்போது, சின்னப் பிள்ளையாக, மன்னாரிலிருந்து குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டு வந்தவள். சண்டை ஓய்ந்ததும் அவளுடைய வாப்பா ஊர் திரும்ப ஆயத்தமானார். இடமாற்றம் எடுத்துக்கொண்டு கூடப் போவதா, இங்கேயே இருப்பதா என்று அவளுக்குத் தடுமாற்றம். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒருநாள் அவளுடைய டிக்கட்டில் 159197 விழுந்தது. சிரித்துக்கொண்டே என் கையில் தந்தாள்.

"இத நீயே பாரு. எதாலயாவது வகுபட்டா இஞ்சயே நிக்கிறன். வகுபடாட்டிப் போறன்."

விளையாட்டுத்தான். நான் அப்படி எடுக்கவில்லை. நானூறின் வர்க்கம் ஒரு இலட்சத்து அறுபதாயிரம்; இந்த எண் அதற்குக் கீழே. ஆகவே நானூறுக்கு உட்பட்ட பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். மூன்று நாள், போகவர, கொப்பியின் பின்பக்கத்தில் வகுத்தேன். எல்லாவற்றிலும் மீதி வந்தது. ஒன்றாவது சரிவராதா என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. பொய் சொல்லியிருக்கலாம். கணக்கில் பொய் சொல்ல மனம் இடங்கொடுக்கவில்லை. 389 வரை வந்து கொப்பியை மூடினேன்.

"பகா எண். ஒண்டாலயும் வகுபடாது" என்றேன்.

"ஓம், அப்ப போகத்தான் வேணும்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாடசாலை அடுத்த தவணைக்குத் திறந்தபோது அவள் இல்லை.

போன மாதம் அலுமாரியை ஒதுக்கும்போது அந்தக் கொப்பி அகப்பட்டது. பழைய திமிரில் ஒருதரம் சரிபார்த்தேன். 389க்குப் பிறகு, நானூறுக்கு முன், 397 என்று ஒரு பகா எண் இருக்கிறது. அதை விட்டிருக்கிறேன். வகுத்தேன், மீதியில்லாமல் 401 வந்தது. எழுபத்தேழு எண்களால் வகுத்தவள் எழுபத்தெட்டாவதில் கோட்டைவிட்டிருக்கிறேன்.

உடனே போனை எடுத்து மன்னாருக்குக் கோல் பண்ணி அவளிடம் சொன்னேன்.

"அது 399 இண்ட வர்க்கத்தில நாலு குறையுது, நாலு ரெண்டிண்ட வர்க்கம், அவ்வளவுதானே" என்றாள். "399 இல ரெண்டக் கழிச்சா 397, கூட்டினா 401. டிக்கட்டப் பாத்த உடனயே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுகொண்டா எனக்கிட்டத் தந்தாய்?"

"நிக்கிறதெண்டு முடிவெடுத்திட்டுத்தான் தந்தன். நீ கண்டுபிடிச்சுச் சொல்லுவாய் எண்டு மூண்டு நாளும் பாத்துக்கொண்டிருந்தன். கணக்கில நீ பிழைவிடுவாய் எண்டு நான் நினைக்கவேயில்ல. நான் போறதுதான் உனக்கு விருப்பமாக்கும் எண்டு நினைச்சிட்டன்."