பிடுங்காமல் விட்ட பற்கள்

பல் பிடுங்கும் வைத்தியனை ஊர் நம்பும். பிடுங்காமல் காக்கப் பார்க்கிறவனைத்தான் கள்ளனைப் போலப் பார்க்கும். வெள்ளைக்காரன் காலத்தில் கொழும்புக் கொட்டாஞ்சேனையில் பல் வைத்தியம் பார்த்தவன் நான். பல் வைத்திய நாற்காலியில் உட்கார்ந்தோ அதன் பக்கத்தில் நின்றோ அவதிப்பட்டவரானால் உங்களுக்கு இது புரியும்.

முழு வரிசையும்

சாலி லெப்பைக்கு முழங்கால் வலி. பல் ஈறுகளில் இருக்கிற சீழ்தான் மூட்டுக்கு இறங்குகிறது, எல்லாப் பல்லையும் பிடுங்கிக் கட்டுப்பல் வைக்க வேண்டும் என்று பெரிய டாக்டர் ஒருவர் அனுப்பியிருந்தார். அந்நாளில் அதுதான் நாகரிகம். ஈற்றை அழுத்தினேன், சீழும் இரத்தமும் வந்தன. ஆனால் பற்கள் அவ்வளவாக ஆடவில்லை. பல்லில் படிந்த காறையைச் சுரண்டி வேரைத் துப்புரவாக்கினால் பிழைக்கும் என்று தோன்றியது. தோன்றியது, அவ்வளவுதான்.

லெப்பை குர்ஆனை மனப்பாடமாக ஓதுகிறவர். நோன்பு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. இரவுத் தொழுகையில் முன்னால் நின்று ஓத வேண்டியவர் அவர்தான். "சில எழுத்துக்கு நாக்கு நுனி மேல் பல்லுல படணும் டாக்டர். பல்லு போனா ஓதலும் போகும். எனக்கு வேற தொழில் தெரியாது" என்றார்.

சந்து

மேல் வரிசையைச் சுரண்டி, அயடின் தடவி, உப்புத் தண்ணீரால் கொப்பளிக்கச் சொன்னேன். சில நாளில் வீக்கம் வற்றியது. வற்றியதும், காறை அடைத்திருந்த இடமெல்லாம் சந்தாகத் தெரிந்தது. அதனூடே காற்றுப் போய் ஓதல் சீட்டியடித்தது. நோய் குறைவதன் அடையாளம் இது, நாக்கு பழகிவிடும் என்றேன். பார்க்கக் கண்ணாடியைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, "ஊத்தைய எடுக்கிறண்டு செல்லி, பல்லையே ராவி எடுத்தீக்கிறீங்க" என்றார்.

கஞ்சி குடித்த வாய்

கீழ் வரிசை மிச்சம் இருக்கையில் பிறை கண்டு நோன்பு தொடங்கிவிட்டது. பகலில் அவர் வாயில் கை வைக்க முடியாது. இரத்தம் தொண்டைக்குள் இறங்கினால் நோன்பு முறியும். நோன்பு துறப்பதற்கும் இரவுத் தொழுகைக்கும் இடையில் கிடைக்கிற சொற்ப நேரம்தான் எங்களுக்கு. கஞ்சி குடித்த கையோடு ஓடி வருவார். அவசரமாகச் செய்யவே கூடாத வேலையை அவசரமாகச் செய்தேன். சுரண்டுகிற கருவி வழுக்கி நாக்கில் பட்டால் அன்றைக்கு ஓதல் இல்லை. என் வேலை முடிகிற கடைசி நாளில் பள்ளிவாசல் நிருவாகியான மரைக்கார் என் வாசலில் வந்து நின்றார். "இண்டைக்கும் இவருக்குச் சீட்டியில்லாம ஓத ஏலாட்டி நாளையிலருந்து வேற ஆள். பேசி வெச்சீக்கிறம்" என்றார்.

இரண்டாம் குரல்

லெப்பையை அனுப்பிவிட்டு நானும் பின்னாலேயே போய், பள்ளிவாசலுக்கு எதிரே வெற்றிலைக் கடையடியில் நின்றேன். எனக்கு அரபு தெரியாது. சரி பிழை எப்படித் தெரியும் என்று கடைக்காரரைக் கேட்டேன். பிழை விட்டால் பின்னால் நிற்கும் இன்னொருவர் சத்தமாகத் திருத்துவார் என்றார். அதன்பிறகு லெப்பை ஓதியதை நான் எங்கே கேட்டேன்? அந்த இன்னொரு குரலுக்குப் பயந்துகொண்டே நின்றேன். நெடுநேரம் அது வரவில்லை. பிறகு வந்தது. போச்சு, மனுஷனின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

தொழுகை முடிந்து வெளியே வந்த லெப்பை என் முகத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "அது பல்லு இல்ல டாக்டர், ஒரு வரி மறந்து போச்சு. நாக்கு பழகிட்டு, எழுத்தெல்லாம் சுத்தமா வந்திச்சி. நோன்பு முடியுமட்டும் நான்தான் ஓதணுமாம், மரைக்கார் செல்லிட்டார். மறதிக்கு உங்களிட்ட மருந்து ஈக்கா?"

பல்லைப் பிடுங்குகிறவன் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னலாம்; காக்கப் புறப்பட்டவன் தெருவில் நின்று காது கொடுக்க வேண்டியதுதான்.