இரண்டு விரல் இடம்

அக்காவின் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை, ராயபுரத்து வீட்டிலிருந்து கோயிலுக்குக் கிளம்பியவர்கள் ஐந்து பேர்: அம்மா, அக்கா, அக்காவின் கணவரான மாமா, முப்பது நாள் பிள்ளை, அப்புறம் நான். நைனா வரவில்லை. ஹார்பரில் கப்பல் நின்றிருந்தது. ஞாயிறு என்று அது காத்திருக்காது.

நான் என்று எழுதுகிறேன். இப்போது ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறேன். அங்கே எல்லாருக்கும் நான் தம்பி. அன்றைக்கு அந்த வீட்டின் சின்னப் பெண். வயது பதின்மூன்று. அம்மாவும் நைனாவும் கைநாட்டு, அக்கா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. எங்கள் வீட்டில் முதலில் எட்டாம் வகுப்பைப் பார்த்தது நான்தான். ஆனாலும் எனக்குள் இருந்த பையனைச் சொல்ல என் பாடப்புத்தகம் எதிலும் வார்த்தை இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். பாவங்களின் பட்டியலில் அது இல்லை. அதனால் அங்கேயும் சொல்ல முடியவில்லை.

அந்த வருஷம் உடம்பு என்னைக் கேட்காமல் தன் வழியில் போக ஆரம்பித்தது. நான் கூனிக்கொண்டு நடந்தேன். விம்கோ நகரிலிருந்து வாராவாரம் வரும் மாமாவுக்கு அது வேடிக்கை.

“இன்னா மச்சினிச்சி, இன்னும் சட்டையிலேயே சுத்திகினு கீறே? மாமன் தாவணி எடுத்தாந்தாத்தான் ஸ்கூலுக்கு முழுக்குப் போடுவியா?”

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். தாவணி வந்தால் பள்ளிக்கூடம் போய்விடும். அதோடு நானும் போய்விடுவேன் என்று அந்தச் சிரிப்புக்குள்ளேயே நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

முந்தின வருஷம் கப்பலிலிருந்து இறங்கிய மூட்டை ஒன்று நைனாவின் விலாவில் இடித்தது. ஆஸ்பத்திரியில் சுற்றிவிட்ட பேண்டேஜை, இழுத்தால் நீளும் துணி அது, அம்மா துவைத்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள். விலாவுக்கு நல்லதென்றால் நெஞ்சுக்கும் நல்லதுதானே என்று படித்த பிள்ளையாக யோசித்தேன். தட்டி மறைப்புக்குள் நின்று எட்டுச் சுற்றுச் சுற்றினேன். குனிந்து பார்த்தேன். சட்டை நேராக இறங்கியது. அன்று பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் கடல்காற்று சட்டையை என்மேல் ஒட்டவைத்தது. முதல் தடவையாக ஒட்டட்டும் என்று விட்டேன்.

பதினைந்து நாள், ராத்திரியிலும் அவிழ்க்கவில்லை. யாராவது பார்த்துவிட்டால்? ஓரங்களில் தோல் கிழிந்தது. சுவரில் சாய்ந்துகொண்டே தூங்கினேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கட்டுவது எப்படி என்று தினமும் காலையில் என் கண்ணெதிரே பாடம் நடந்துகொண்டிருந்தது. பிள்ளை பெற்ற அக்காவுக்கு அம்மா வயிறு கட்டுவாள். நைனாவின் நைந்த வேட்டியை நாலாக மடித்து, ஒரு சாண் அகலத்துக்கு.

“மூச்ச இழு. வுடு. ரெண்டு விரல் உள்ள போவுதா பாரு. போவலன்னா அது கட்டு இல்லடி, சுருக்கு.”

அது பொம்பளைகள் சமாச்சாரம் என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாதி வழியில் அக்காவுக்குக் கை வலித்தது. பிள்ளையை வாங்கிக்கொண்டேன். வெயில் ஏறிவிட்டிருந்தது. மீன் கூடைகள் வரிசையாக இருந்த இடத்தில் மூச்சு தொண்டைக்குக் கீழே இறங்க மறுத்தது. தெருவின் ஓரங்கள் கறுத்துக்கொண்டு வந்தன. பிள்ளையை விடக்கூடாது என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. முழங்கால் மடங்கியதும், மீன் விற்கிற அம்மா ஒருத்தி தாவிப் பிள்ளையைப் பிடுங்கியதும்.

“பச்ச புள்ளமா! இத்தப் போயி ஒரு கொழந்தை கையில குட்த்துகினு வர்றீங்களே!”

சட்டைக் கொக்கியைத் தளர்த்த அம்மா என் முதுகுப் பக்கம் கையை விட்டாள். கை அப்படியே நின்றது.

“இன்னா ஆச்சு?” என்று மாமா குனிந்தார்.

அம்மாவின் முந்தானை என் முதுகின்மேல் விழுந்தது. “ஒண்ணும் இல்ல மாப்ளே, பித்த மயக்கம். சாமியார் காத்துகினு இருப்பாரு, நீங்க புள்ளைய எட்த்துகினு போங்க.”

அவர்கள் போனதும் அம்மா என்னை அந்த மீன்காரம்மாவின் வீட்டுக்குள் கூட்டிப்போய் ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தாள். கிழிந்த தோலில் ஒட்டியிருந்த இடத்தில் தண்ணீர் தொட்டு எடுத்தாள்.

“எத்தினி நாளா?”

“நெஞ்சு வலிம்மா. நைனாவுக்குக் கட்டினாங்கல்ல... அதான்.”

கடைசிச் சுற்றையும் அவிழ்த்து முடித்தாள். பிறகு, “இப்போ மூச்சு வருதா?” என்று மட்டும் கேட்டாள். பேண்டேஜைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். நாங்கள் கோயிலை அடைந்தபோது பிள்ளையின் தலை ஏற்கெனவே நனைந்திருந்தது. முதல் பேரனின் ஞானஸ்நானத்தை அம்மா பார்க்கவில்லை.

தோல் ஆறும்வரை எதுவும் கட்டவில்லை. மறுபடியும் கூனிக்கொண்டு நடந்தேன். ஒருநாள் பகலில் வீடு காலியாக இருந்தபோது, நைனாவின் இன்னொரு பழைய வேட்டியை அம்மா டர்ரென்று கிழித்தாள். மடித்து, உள்ளே போட்டிருந்த என் ஷிம்மியின் மேலேயே சுற்றினாள். மூச்சை இழுக்கச் சொன்னாள், விடச் சொன்னாள். தன்னுடைய இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள்.

“இருமல் வந்தா அவுத்துடு. ஓடறப்போ வாணாம். ராவுல ஆணியில மாட்டிட்டுத்தான் படுக்கணும், தெரிதா?”

கேட்டவர்களிடம் எனக்கு மார்ச்சளி என்றாள். மாமா தாவணிப் பேச்சை எடுத்தபோது, “படிக்கட்டும் மாப்ளே, தாவணி எங்க ஓடிப்போவுது?” என்றாள். அதோடு அந்தப் பேச்சு அடங்கியது. என் பொய்யை அம்மா அப்படியே நம்பிவிட்டாள் என்று எனக்குப் பெருமை. பெருமையோடு ஒரு வருத்தமும். அவளை ஏமாற்றிய பிறகு சொல்லிக்கொள்ள உலகத்தில் ஒருத்தர்கூட மிச்சமில்லை. ஒரே பாயில் படுத்திருந்தோம். அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு நான் விழித்திருப்பேன்.

ஒரு மாதம் கழித்து, கால் முழுக்கப் புழுதியோடு வந்து ஒரு பொட்டலத்தை என் மடியில் போட்டாள். பையன்கள் போடுகிற பனியன் இரண்டு, கெட்டித் துணி, உடம்பைப் பிடிக்கிற அளவு.

“கட்டினா வேர்க்குது. இத்தப் போட்டுக்கோ, சளிக்கு நல்லது.”

சளிக்குப் பனியன் நல்லதென்று நான் நம்பினேன். யானைக்கவுனி வரைக்கும் நடந்துபோய் வாங்கினாளாம். அம்மாவுக்கு வழி தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன், எங்கள் தெருமுனையிலேயே பனியன் கடை இருந்ததே. அந்தக் கடைக்காரனுக்கு எங்கள் வீட்டு ஆட்கள் எல்லாரையும் தெரியும். வூட்ல பையன் ஏது என்று கேட்டிருப்பான்.

போக வர நடை. இரண்டு பனியன், நாலு ரூபாய் இருபது காசு.