வடம் தொடும் ராஜா

வடக்குத்து ஊர் முனையில் எங்கள் சுரங்கக் கம்பெனி பஸ் நின்றுவிடுகிறது. சாலைக்குக் குறுக்கே தேர். செகண்ட் ஷிப்ட் ஆட்கள் பெல்பாட்டத்தை மடித்துவிட்டுக்கொண்டு வடம் பிடிக்க ஓடுகிறார்கள். நானும் ஓடுகிறேன். ஆனால் யாரும் இழுக்கவில்லை.

"ராஜா வடத்தைத் தொடணுங்க," என்கிறாள் முந்திரிப்பழம் விற்கிற அக்கா. "அந்தக் காலத்துல ஊரை ஆண்ட வம்சம். அதுல கடைக்குட்டிதான் தொடணும். தொடுற வரைக்கும் அவருதான் ராஜா."

ராஜாவுக்கு ஐந்து வயதிருக்கும். தலைப்பாகை கண்ணை மறைக்கிறது. மைன்ஸ் ஹெல்மெட் போட்ட ஒருவரின் தோளில் உட்கார்ந்து எங்கள் பஸ்ஸையே பார்க்கிறார்.

"ராஜா, எல்லாரும் காத்துகினு இருக்காங்க. தொடுங்க," என்று கெஞ்சுகிறார் ஹெல்மெட்காரர்.

"மொதல்ல ஆரன் அடிக்கணும்!"

கூட்டம் கொல்லென்று சிரிக்கிறது. ராஜா கைமாறிக் கைமாறி டிரைவர் மடிக்குப் போகிறார். ஆரன் அலறுகிறது, வேட்டு வெடிக்கிறது. திரும்பி வந்து ஒற்றை விரலால் வடத்தைத் தொடுகிறார். அவ்வளவுதான், தேர் குலுங்கி நகர்கிறது! உள்ளங்கை எரிய எரிய நானும் இழுக்கிறேன், தொண்டை கட்டக் கத்துகிறேன்.

ஹெல்மெட்காரர் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு ராஜாவைக் கீழே இறக்குகிறார்.

"டேய், அம்மாகிட்ட ஓடுடா. அப்பாவுக்கு ஷிப்ட்டுக்கு நேரமாச்சு."