பட்டனின் வலது முன்கால்

என் அண்ணிக்கு ஒரு சட்டையைக் கையில் எடுத்தால் அதிலுள்ள குறைதான் முதலில் தெரியும். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகச் செக்கிங் மேசையில் நிற்கிறாள். காலரில் ஒரு தையல் விட்டிருந்தாலும், பட்டன் துளை ஒரு நூல் தள்ளியிருந்தாலும், அவள் விரல் தானாக அங்கே போய் நிற்கும். சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை உரித்து, குறையைக் காட்டி ஒட்டிவிட்டு, "இது எந்த மிஷின்?" என்று கேட்பாள். குறை இருந்தால் காரணம் இருக்கும், காரணம் இருந்தால் அதற்கு ஓர் ஆள் இருப்பான் என்பது அவள் கொள்கை. இந்தக் கொள்கையோடு குடித்தனம் நடத்துவது எப்படி இருக்கும் என்று என் அண்ணனைத்தான் கேட்க வேண்டும். அவன் அதே தொழிற்சாலையில் தையல் மிஷின் மெக்கானிக். அங்கேயும் அவள் கேள்விக்கு அவன்தான் பதில் சொல்லியாக வேண்டும், வீட்டிலும் அவன்தான்.

நான் அவர்களுக்கு மேல் மாடியில் தனியாக இருக்கிறேன். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை, மதியம் இரண்டு மணிக்கு வந்துவிடுவேன். அவர்கள் வீட்டுச் சாவி ஒன்று என்னிடம் உண்டு. அண்ணி என் வீட்டுக்கு வந்தால் திரைச்சீலை கோணலாகத் தொங்குவதைச் சொல்லாமல் உட்கார மாட்டாள். எனக்குக் காய்ச்சல் என்றால் இரண்டு நாள் லீவு போட்டுப் பக்கத்திலேயே இருப்பவளும் அவள்தான். திட்டிக்கொண்டே இருப்பாள், அது வேறு விஷயம்.

பட்டன் அவள் கண்டெடுத்த நாய். தொழிற்சாலைக்குப் பின்னால் வெட்டுத்துணிக் குவியலுக்குள் கையளவு குட்டியாகக் கிடந்ததைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். வந்த அன்றே தரையில் கிடந்த ஒரு சட்டைப் பட்டனை விழுங்கி, மறுநாள் அது வெளியே வரும்வரை வீட்டையே கதிகலங்க வைத்ததால் அந்தப் பெயர். அவனை மேசை மேல் நிறுத்தி, காது, பல், நகம், வால் நுனி எல்லாம் பார்த்து முடித்துவிட்டு அண்ணி சொன்னாள்: "ஒரு குறைகூட இல்லடி. முதல் தரம்." அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. எங்கள் மூன்று பேரில் யாருக்கும் அது கிடைத்ததில்லை.

அவனுக்கு ஏழு மாதம் ஆனபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், படுக்கையிலிருந்து எழுந்தவன் வலது முன்காலைத் தரையில் வைக்கவில்லை.

முள் இல்லை, வீக்கம் இல்லை, காயம் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் சோபாவுக்கும் சமையலறைக்கும் நடுவே பேய் பிடித்தவன் மாதிரி ஓடினவன்தான். அண்ணன் குனிந்துகூடப் பார்க்கவில்லை, காதைத்தான் கொடுத்தான். டைல்ஸ் தரையில் பட்டன் நடந்தால் நகச் சத்தம் கேட்கும். அன்றைக்கு மூன்று சத்தம், ஓர் இடைவெளி, மறுபடி மூன்று, ஓர் இடைவெளி. "தையல் விடுது," என்றான் அண்ணன். கெட்டுப்போன மிஷினுக்குச் சொல்கிற அதே குரலில் சொன்னான்.

கால்நடை டாக்டரம்மா சின்ன வயசு, பொறுமைசாலி. காலை மடக்கிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார், ரத்தம் எடுத்தார். "எல்லாமே நார்மலா இருக்கு" என்றார்.

"நார்மல்னா ஏன் நொண்டுறான்?" என்றாள் அண்ணி.

"சில சமயம் காரணம் தெரியாதும்மா. வளர்ற வயசு. ரெண்டு வாரம் முழு ரெஸ்ட் கொடுங்க. வெளிய தூக்கிட்டுத்தான் போகணும். நடக்கவே விடாதீங்க."

அந்தக் காரணம் இன்றுவரை தெரியாது. இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசியில் வந்து என்னைக் கேட்காதீர்கள்.

ஆனால் காரணம் தெரியாது என்ற பேச்சை அண்ணியிடம் சொல்லலாமா? வீட்டுக்கு வந்ததும் விசாரணை ஆரம்பமாகிவிட்டது. தண்ணீர் கேன் போடுகிறவரிலிருந்து கீழ்வீட்டுக் குழந்தைகள் வரை கேட்டு முடித்துவிட்டு, கடைசியில் என்னிடம் வந்தாள்.

"மத்தியானம் நீ மட்டும்தான் அவன்கூட இருக்கே. படியில தவற விட்டியா?"

"அண்ணி, நான் அவன மடியில இருந்து இறக்கக்கூட மாட்டேன். உங்களுக்கே தெரியும்."

"அப்ப யாரு?"

"யாரும் இல்ல."

"யாரும் இல்லாம எப்படிடி ஒரு கால் கெட்டுப் போகும்? விட்டிருந்தா விட்டேன்னு சொல்லு. நான் ஒண்ணும் உன்னத் தின்னுட மாட்டேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சாவியைத் தூக்கி மேசையில் எறிந்துவிட்டு வந்தேன். அடுத்த நாள் அண்ணன் அதை எடுத்து வந்து கதவிடுக்கில் வைத்துவிட்டுப் போனான். அண்ணியிடம் பேசுவதில்லை என்று முடிவு செய்தேன், பேசவும் இல்லை.

கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே இருந்த இடத்தில் மெத்தை போட்டு, குறுக்கே இஸ்திரி மேசையை மடக்கி வைத்து, பட்டனை உள்ளே அடைத்தார்கள். அவன் அதன் மேல் தாடையை வைத்துக்கொண்டு எல்லாரையும் பார்ப்பான். அந்தப் பார்வையைத் தாங்க முடியாது. ஏதோ தப்பு செய்துவிட்டேன், என்னவென்று சொன்னால் இனிமேல் செய்ய மாட்டேன் என்பது போலப் பார்ப்பான்.

அண்ணி சாப்பாட்டை விட்டாள். வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றாமல் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாளாம். இடது தோளை அளப்பாள், வலது தோளை அளப்பாள். நாளுக்கு நாள் வலது பக்கம் இளைத்துக்கொண்டே வந்தது. ஒரு நாள் அவன் முழங்கையில் சிவப்பு அம்புக்குறி ஒட்டியிருக்கும், மறுநாள் அது தோளுக்குப் போயிருக்கும், அதற்கடுத்த நாள் மணிக்கட்டுக்கு வந்திருக்கும். குறை எங்கே இருக்கிறது என்று அவள் விரலுக்கு முதல் தடவையாகத் தெரியவில்லை. இதையெல்லாம் நான் மதியம் போகும்போது பார்ப்பேன். ஸ்டிக்கரைப் பார்த்தால் அவள் மேலிருந்த கோபம் கொஞ்சம் இறங்கும். இறங்குகிறதே என்று மறுபடி கோபம் வரும்.

பத்தாவது நாள் அண்ணன் என்னை மாடிப்படியில் நிறுத்தினான். முகம் பேய் அறைந்த மாதிரி இருந்தது.

"ஒரு பெட்டி சட்டை, இடது கைப் பட்டன் இல்லாமலே இவ மேசையைத் தாண்டிப் போயிருக்கு. சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாரு, இது யாரு செக்கிங்னு."

"அண்ணி என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அதான் பயமா இருக்கு."

இருபத்திரண்டு வருடத்தில் நடக்காதது. அன்றைக்கு நான் கீழே போய்ப் பேசியிருக்க வேண்டும். போகவில்லை. நல்ல செய்தியோடு போய், அவள் வாயை அடைக்க வேண்டும் என்று காத்திருந்தேன். அந்த நல்ல செய்திக்காக நான் தினமும் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

இரண்டு வாரம் முடிந்து டாக்டரிடம் போனபோது நானும் கூடப் போனேன். அண்ணி கூப்பிடவில்லை, ஆனால் ஆட்டோவில் நகர்ந்து இடம் விட்டாள். பட்டனின் தோளைத் தொட்டதுமே டாக்டரம்மா முகம் மாறிவிட்டது.

"இவ்வளவு இளைச்சிருக்கக் கூடாதே. ரெஸ்ட்ல சரியாகும்னு நினைச்சேன். நரம்புல ஏதாவது இருந்தா... பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் எழுதணும். அங்க காலை எடுக்குறதப் பத்தியும் பேசுவாங்க. நீங்க மனசைத் தயார் பண்ணிக்கோங்க."

அண்ணி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் சுவரில் மாட்டியிருந்த பூனைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கைக்குட்டையை எடுக்கப் பைக்குள் கையை விட்டேன்.

பையில் இருந்த பிஸ்கட் பாக்கெட் சரசரவென்றது.

பட்டன் சட்டென்று எழுந்தான். யாரும் கூப்பிடவில்லை. நொண்டிக்கொண்டே எதிர்ச் சுவர் வரை போனான், திரும்பினான், நொண்டிக்கொண்டே வந்தான், எங்கள் முன்னால் ஒழுங்காக உட்கார்ந்து என் பையைப் பார்த்தான். எதுவும் வராததால், சரியாகச் செய்யவில்லை போலிருக்கிறது என்று நினைத்தானோ என்னவோ, எழுந்து இன்னொரு தடவையும் போய்விட்டு வந்தான்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "இதை யார் இவனுக்குப் பழக்கினது?"

முதலில் நான்தான் வாயைத் திறந்தேன். "நான்... மத்தியானம் ஒரு தடவை மட்டும். நொண்டல் குறைஞ்சிருக்கான்னு பார்க்க. இஸ்திரி மேசையத் தூக்கிட்டு, ஹால்ல அந்தக் கோடி வரைக்கும் பிஸ்கட் காட்டி நடக்க விட்டேன்."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்தான். "காலையில இவ குளிக்கப் போகும்போது நானும் ஒரு தடவை. சத்தம் கேக்குறதுக்கு. மிஷினை ரிப்பேர் பண்ணினா ஓட்டிப் பார்க்காம எப்படி விடுறது?"

நாங்கள் இரண்டு பேரும் அவளையே பார்த்தோம்.

"நான் மூணு தடவை," என்றாள் கடைசியில். "இவர் எந்திரிக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு. வேலைக்குக் கிளம்பும்போது ஒண்ணு. சாயங்காலம் வந்து அளந்துட்டு ஒண்ணு."

டாக்டரம்மா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பட்டனின் தலையைத் தடவிக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னார். "நான் ரெஸ்ட்னு எழுதினேன். நீங்க மூணு பேரும் சேர்ந்து அவனுக்கு வேலை போட்டுக் கொடுத்திருக்கீங்க. ஒரு பிஸ்கட்டுக்காக வலியோட நடந்திருக்கான். இன்னும் பத்து நாள் தர்றேன். நிஜமான ரெஸ்ட். தூக்கி வைக்கும்போது தவிர அந்தக் காலை யாரும் தொடாதீங்க, அளக்காதீங்க, பார்க்கவே பார்க்காதீங்க. அப்புறமும் இப்படியே இருந்தா பெரிய ஆஸ்பத்திரிதான்."

வீட்டுக்கு வந்ததும் அண்ணி கைப்பையைத் திறந்து அம்புக்குறி ஸ்டிக்கர் சுருளை எடுத்தாள். ஒன்றை உரித்து அண்ணன் சட்டையில் ஒட்டினாள். ஒன்றை என் புறங்கையில் ஒட்டினாள். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று தன் நெஞ்சில் வரிசையாக ஒட்டிக்கொண்டாள். சிரிப்பு வர வேண்டிய காட்சிதான். யாருக்கும் வரவில்லை.

"யாரு யாருன்னு ஊரெல்லாம் கேட்டேன்," என்றாள். "உன்னப் போய்க் கேட்டேன்டி." அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்பெல்லாம் யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது.

அந்தப் பத்து நாள் முந்தைய இரண்டு வாரத்தைவிட மோசம். இஞ்ச் டேப்பை என்னிடம் கொடுத்து, "கெஞ்சினாலும் தராத" என்றாள். பிஸ்கட் டப்பா என் வீட்டுப் பரணுக்குப் போனது. என்னிடம் இருந்த அவர்கள் வீட்டுச் சாவியை நானே அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். என்னை நான் நம்பவில்லை. அண்ணன் பட்டனைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி இறங்குவான். மண்ணில் நிறுத்திவிட்டு, அவன் காரியம் முடிக்கும்வரை மின்கம்பியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பான். எதிர்வீட்டுக்காரர் அங்கே என்ன பறவை என்று கேட்டாராம்.

அண்ணிக்குத்தான் உயிர் போனது. குறையைப் பார்ப்பதைத் தவிர வேறெதுவும் தெரியாதவளைப் பார்க்காதே என்றால் அவள் என்ன செய்வாள்? இஸ்திரி மேசைக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்துவிடுவாள். எதையாவது சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருப்பாள், அவன் அசைகிற சத்தம் காதில் விழாமலிருக்க. நான் தினமும் சாயங்காலம் போய் அவள் பக்கத்தில் அதே சுவரைப் பார்த்து உட்காருவேன். சுவரில் ஓரிடத்தில் வண்ணம் உரிந்திருந்தது. அதைப் பற்றிக்கூட அவள் ஒன்றும் சொல்லவில்லை. "காலை எடுத்துட்டா அவனுக்குப் புரியுமாடி? காலையில எந்திரிச்சு இல்லாத கால ஊன்றப் பார்ப்பானா?" என்று ஒரு நாள் கேட்டாள். வாயைத் திறந்தால் நானும் அழுதுவிடுவேன் என்று சுவரில் உரிந்த வண்ணத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் ஆறு மணிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும். நாலு மணிக்கு டீ போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். அண்ணன் அவனைக் கீழே கொண்டுபோய்விட்டு வந்து இடத்தில் விட்டான். பதற்றத்தில் இஸ்திரி மேசையைக் குறுக்கே வைக்க மறந்துவிட்டான்.

எங்களுக்குப் பின்னால் நகச் சத்தம் கேட்டது.

அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "திரும்பாத."

சத்தம் ஹாலின் கோடி வரை போனது. சமையலறையில் கை கழுவிக்கொண்டிருந்த அண்ணன் குழாயை மூடினான். சத்தம் திரும்பி வந்தது. டக், டக், டக், டக். நடுவே இடைவெளி இல்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன், அண்ணன் சமையலறை வாசலில் நின்றுகொண்டு கண்ணை இறுக மூடியிருந்தான்.

"விடல," என்றான். "ஒரு தையல்கூட விடல."

பட்டன் எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து பெருமூச்சு விட்டான். பிஸ்கட்டுக்குக் காத்திருக்கிறான் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"மேல போய் அந்த டப்பாவ எடுத்துட்டு வாடி," என்றாள் அண்ணி.

ஓடிப்போய் எடுத்து வந்தேன். அண்ணி அப்போதும் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையை மட்டும் பின்னால் தரையில் விரித்து வைத்திருந்தாள். பட்டன் எழுந்து அந்த உள்ளங்கையின் மேல் வலது முன்காலை ஊன்றி, அவள் தோளுக்கு மேலாகக் கழுத்தை நீட்டி, என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கனக்குதுடி," என்றாள் அண்ணி. கையை எடுக்கவில்லை.