படக்கொட்டகைக்குள் அடித்த தடுப்பு

ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நாங்கள் இருந்தபோது, வெள்ளைக்காரத் துரையின் மனைவி ஒரு கட்டடம் கட்டினார். அவரை மேம் என்போம். ஓவியம் வரைபவர். வரைந்ததையெல்லாம் மாட்டி வைத்துத் தோட்டத்து ஜனங்களுக்குக் காட்டத் தனியாக ஒரு கூடம் வேண்டும் என்று அவருக்கு ஆசை. என் வீட்டுக்காரர் தோட்டத்துத் தச்சர். நான் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன்; ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற வேலை.

வரைபடத்தை மேமே போட்டார். சுவரில் சன்னல் கிடையாது. கீழ்க்கூரைக்கும் மேல்கூரைக்கும் நடுவே, ஆள் எட்டாத உயரத்தில், வடக்குப் பார்த்து வரிசையாகக் கண்ணாடி. வெளிச்சம் சுவரில் விழவேண்டும், வெயில் படக்கூடாது. நடுவில் ஒரு தூண்கூட நிற்கக்கூடாது. கெட்டியான காட்டு மரத்தில் முக்கோணச் சட்டங்கள் சேர்த்து, அவ்வளவு அகலத்தையும் தூணில்லாமல் தாங்க வைத்தார் என் வீட்டுக்காரர். அவர் அத்தனை சந்தோஷமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. சாப்பிடும்போது சோற்றைக் குவித்துக் கூரையின் சாய்வைக் காட்டுவார்.

தோட்டத்து ஜனங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் அதைப் படக்கொட்டகை என்றார்கள். சினிமா காட்டப்போகிறார்கள் என்றே நம்பினார்கள். திறந்த ஞாயிற்றுக்கிழமை பாயும் வறுத்த கச்சான் கடலையுமாக வந்தவர்கள், திரையைக் காணாமல் விழித்தார்கள். மாட்டியிருந்தவை சாமிப் படங்களும் இல்லை. பாதிக்கு மேல் வெறும் நிறங்கள். ஒன்றின் முன்னால் மேம் என்னைக் கொண்டுபோய் நிறுத்தி, "இது நீ" என்றார். முகம் இல்லை. சாம்பல் நிறத்தில் வரிசையாக மரங்கள், நடுவில் மஞ்சளாக ஏதோ சாய்ந்து நின்றது. வாளி சுமக்கும் தோள் அது என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. சிரிப்பு வரவில்லை. ஏனோ அழுகை வந்தது.

அந்த வருஷமே கம்யூனிஸ்டுக்காரர்கள் துப்பாக்கியோடு காட்டுக்குள் போக, வெள்ளைக்கார அரசாங்கம் அவசரகாலம் போட்டுவிட்டது. தள்ளித்தள்ளி இருந்த லயங்களைப் பிரித்து எல்லாரையும் ஓரிடத்தில் குடிவைத்து, சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். விடிந்து வேலைக்குப் போகும்போது வாசலில் வாளியைக் கவிழ்த்துக் காட்டவேண்டும். காட்டில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேரும் என்று ஒரு பிடி அரிசிகூட வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். அடுத்த தோட்டத்துத் துரையைக் காட்டிலிருந்து வந்தவர்கள் சுட்டபிறகு, எங்கள் துரை மேமைத் தம் ஊருக்குக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்.

மேம் போன மறுவாரம், தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி எங்கள் வீட்டுக்கு வந்தார். பிடித்தவர்களை வைத்து விசாரிக்கப் போலீஸ்காரர்களுக்குப் படக்கொட்டகை வேண்டுமாம்.

"உள்ளார பலகையில தடுப்பு வெக்கணும். ஆறு ரூம்பு. நாளைக்கே ஆரம்பிச்சிரு" என்றார்.

"அது படம் மாட்டுற எடம்லா. அதுல எதுக்கு ரூம்பு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"என்னய கேக்காத. கேக்குறவன் பேரத்தான் மொதல்ல எழுதிக்கிறானுங்க."

கிராணி போனபிறகு அவர் உளியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "நான் போகல" என்றார்.

நான்தான் சொன்னேன். "போயிருங்க. இல்லன்னா உங்களயே அதுக்குள்ள உக்கார வெப்பானுங்க. கைப்புள்ளய வெச்சிக்கிட்டு நான் எங்க போவேன்?"

போனார். நாலு நாள் வேலை. படங்களைக் கழற்றி எங்கே வைப்பது என்று யாரும் சொல்லவில்லை. ரப்பர் தகடுகளுக்குப் புகைபோடும் கொட்டகையின் மூலையில் சாக்குப் போட்டு அடுக்கிவிட்டு வந்தார். என் படமும் அதில்தான் இருந்தது. சில மாதத்தில் எல்லாம் ஒரே பழுப்பாகிப் போயிருந்தன.

எங்கள் அடுத்த வீட்டுக்காரர் பால்மரம் வெட்டுகிறவர். அதிர்ந்து பேசாத மனுஷன். ஒருநாள் வேலைக்குப் போகும்போது, பசியாற என்று இரண்டு மரவள்ளிக்கிழங்கைத் துணியில் சுற்றி இடுப்பில் வைத்திருந்தார். வாசலில் பிடித்து அந்தக் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தவருக்கு உடம்பில் காயம் எதுவும் தெரியவில்லை. ஆனால் கதவு சாத்திய இடத்தில் அவரால் இருக்க முடியவில்லை. கழிவறைக்குள்ளேகூடக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இருப்பார்; அவர் மனைவி வெளியே காவல் நிற்பாள்.

குழாயடியில் அவள் என்னிடம் கேட்டாள்.

"அந்தப் பலகையெல்லாம் அண்ணன் அடிச்சதாக்கா?"

"ஆமா."

"ரொம்ப நெருக்கமா அடிச்சிருக்காராம். பக்கத்து ரூம்புல ஆளு இருக்கா இல்லயான்னே தெரியலயாம்."

அவள் குரலில் கோபம் இல்லை. வாளி நிறைந்ததும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் வீட்டுக்கு வந்து அதை அவரிடம் சொல்லியிருக்கவேண்டாம். சொன்னேன். அவர் சோற்றில் தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்தார். நான் அனுப்பினேன் என்று அவர் ஒருநாளும் என்னைக் குத்திக்காட்டியதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சில மாதம் கழித்து அவர்கள் கோலா சாவா பக்கம் வேறு தோட்டத்துக்கு மாறிப் போனார்கள். லாரியில் சாமான் ஏற்றியபின் அவள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று "போயிட்டு வரோம்" என்றாள். எங்கள் வாசலிலும் சொன்னாள். நான் தேத்தண்ணி கலந்து கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுக் கிளாஸைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் புருஷன் ஏற்கெனவே லாரியின் பின்தட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் உள்ளேயே இருந்தார். "வெளிய வந்து அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லுங்களேன்" என்று அவரைக் கூப்பிட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு அவர் வெளியே வருவதற்குள் லாரி முள்கம்பி வாசலைத் தாண்டிவிட்டது.